டெட் லாசோ தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

மஞ்சள்_வெயில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆப்பிள் டிவியில் இருக்கும் டெட் லாசோவைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும். அலுவலகத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் மனதுக்கு இதமான தொடர், வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள் என்கிறார்கள். ஆனால் தொடரைத் திறந்தால் டிவி-எம்ஏ என்று போட்டிருக்கிறது, அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. இரண்டில் எதை நம்புவது?

மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறாள், கூட ஆடும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று ஒரே பிடிவாதம். ஹாலில் இருப்பது ஒரே டிவி, மாமியாரும் மாலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். முதல் எபிசோடை நான் மட்டும் தனியாகப் பார்த்தேன். பிடித்திருந்தது, ஆனால் அரை மணி நேரத்துக்குள் வந்த கெட்ட வார்த்தைகளைக் கேட்டபோது இதை ஹாலில் போட்டால் எல்லோரும் நெளிய வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றியது.

முழுவதும் பார்த்தவர்கள் கதையை உடைத்தாலும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எனக்கு உதவாது.

இடதுகால்_ஆட்டக்காரன் எழுதியது:

மூன்று சீசனும் பார்த்தவன், அதனால் பதில் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கதை உடையும், பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு அவர்கள் ஊர் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்த டெட், நம் கால்பந்தில் ஆஃப்சைட் என்றால் என்ன என்றே தெரியாமல் லண்டனில் ரிச்மண்ட் என்ற கற்பனை கிளப்புக்குப் பயிற்சியாளராக வருகிறார். விவாகரத்தில் கிளப் ரெபெக்காவின் கைக்கு வந்திருக்கிறது, முன்னாள் கணவன் ரூப்பர்ட் உயிராக நேசிப்பது அந்தக் கிளப்பைத்தான், அதை நாசமாக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றும் தெரியாத ஆளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கிறார். 2020 ஆகஸ்டில் தொடங்கி 2023 மே மாதம் வரை மூன்று சீசன், மொத்தம் 34 எபிசோடு. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது 2021, 2022 இரண்டு வருடமும் இதற்குத்தான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கெட்ட வார்த்தை நிறைய. அதில் பெரும்பங்கு ராய் கென்ட் என்ற மூத்த ஆட்டக்காரருடையது, அந்த மனிதருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பாலியல் விஷயத்தில் பேச்சு அதிகம், காட்சி குறைவு. படுக்கையில் இருவர் இருப்பார்கள், போர்வை இருக்கும், அதோடு அடுத்த காட்சிக்குப் போய்விடும். ஆனால் வசனத்தில் இரட்டை அர்த்தம் அல்ல, ஒரே அர்த்தம்தான், வெளிப்படையாகப் பேசுவார்கள். வன்முறை இல்லை என்றே சொல்லலாம். குடி உண்டு, பப் காட்சி இல்லாத எபிசோடு அபூர்வம்.

14 வயதுப் பெண் உங்களோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம். 10 வயதுப் பையன் வேண்டாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

நான் இதில் முழுக்க மாறுபடுகிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், தொடரை நானும் மனைவியும் முழுவதும் பார்த்தோம், நல்ல தொடர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல தொடர் என்பதும் பிள்ளைகளுக்கான தொடர் என்பதும் வேறு வேறு.

கெட்ட வார்த்தை நிறைய என்று இடதுகால் ஒரு வரியில் கடந்து போகிறார். யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். வில்லன் ரூப்பர்ட் நயமாகத்தான் பேசுவான். கெட்ட வார்த்தை பெரும்பாலும் ராய் வாயில், அதாவது பார்க்கிற எல்லோருக்கும் தொடரிலேயே மிகவும் பிடித்துப் போகிற ஆள் வாயில். அந்த வேடத்தில் நடித்த பிரெட் கோல்ட்ஸ்டீனுக்கு இரண்டு வருடம் எம்மி கிடைத்தது, அவ்வளவு ஈர்ப்பு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடிக்காதவனைப் பார்த்தா பேசக் கற்கிறார்கள்? பிடித்தவனைப் பார்த்துத்தானே. தொடரை எழுதியவர்களுக்கே இது தெரியும், அதனால்தான் ராயின் சகோதரி மகள் ஃபீபி அவர் பேசும் ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் காசு வசூலிக்கிறாள், பிறகு அவளே பள்ளியில் அப்படிப் பேசியதாகப் புகார் வந்து ராயைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். கதைக்குள்ளேயே நடப்பது நம் வீட்டில் நடக்காதா?

17 என்று போட்டிருக்கிறது. போட்டவர்களுக்கு என் பிள்ளைகளைக் கெடுக்க வேண்டும் என்று ஆசை இல்லை, காக்க வேண்டும் என்றும் அவசியம் இல்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நான் அதை மதிக்கிறேன். மூன்று வருடம் காத்திருந்தால் உங்கள் மகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை, தொடர் எங்கேயும் ஓடிவிடாது.

மஞ்சள்_வெயில் எழுதியது:

பாலாற்றங்கரை சார், ஃபீபி விஷயம் தெரியாது, சொன்னதற்கு நன்றி. அது யோசிக்க வைக்கிறது. ஆனால் இந்த 17 என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் சினிமாவுக்குத் தணிக்கைக் குழு பார்த்து யு, யு/ஏ, ஏ என்று கொடுப்பதுபோல ஒரு குழு உட்கார்ந்து பார்க்கிறதா?

ஹாரோ_வாசி எழுதியது:

இல்லை. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு வயது வரம்பு போடுவது அந்தந்த நிறுவனமே, அரசாங்கக் குழு ஒன்றும் கிடையாது. டிவி-ஜி, டிவி-பிஜி, டிவி-14, டிவி-எம்ஏ என்று படிகள், கூடவே எல் என்றால் மொழி, எஸ் என்றால் பாலியல், வி என்றால் வன்முறை என்று எழுத்துகள். அந்த முறை 1990களின் பிற்பகுதியில் வந்தது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதே பட்டியலைத் தாங்களாகவே எடுத்துப் பயன்படுத்துகின்றன.

இந்தியாவிலும் இப்போது ஓடிடிக்கு அப்படித்தான். 2021 பெப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என்று ஐந்து வகை, வகைப்படுத்துவது வெளியிடும் நிறுவனமே. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வைக்க வேண்டும், ஏ என்றால் வயதைச் சரிபார்க்க வழி வேண்டும், தொடக்கத்தில் உள்ளே என்ன வகை விஷயம் இருக்கிறது என்று ஒரு வரி காட்ட வேண்டும்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் சாதாரண தொலைக்காட்சிக்கு இரவு 9 மணி என்ற எல்லை உண்டு. பிள்ளைகளுக்கு ஒவ்வாதது 9 மணிக்கு முன்னால் வரக்கூடாது, காலை 5.30 வரைக்கும்தான் அதற்கு இடம். எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அந்த மணிக்கூடு பாதி வேலையைச் செய்தது. ஸ்ட்ரீமிங்கில் மணிக்கூடு இல்லை, அதனால் முழு வேலையும் எங்கள் தலையில்.

ஒரு எச்சரிக்கை. டிவி-எம்ஏ என்ற அதே முத்திரை தலை துண்டிக்கிற தொடருக்கும் உண்டு, டெட் லாசோவுக்கும் உண்டு. அந்த ஒரே முத்திரைக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. முத்திரை கதவில் நின்று கவனி என்று சொல்லும், உள்ளே என்ன என்று சொல்லாது. மற்றபடி ராய் பேசுவது மிகைப்படுத்தியது அல்ல, இங்கே மைதானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அப்படித்தான் கதைக்கிறார், பக்கத்தில் அவருடைய மகனும் இருப்பான். அது சரி என்று சொல்லவில்லை, அந்த இடத்தின் பேச்சு அது.

கேட்கும்_செவி எழுதியது:

பள்ளியில் ஆலோசகராக வேலை செய்கிறேன், இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். எல்லோரும் கெட்ட வார்த்தையையும் படுக்கையையுமே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தொடரில் ஒரு பிள்ளையை உலுக்கக்கூடிய விஷயம் இரண்டிலும் இல்லை, டெட்டின் அப்பாவிடம் இருக்கிறது. அதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

முதல் சீசனில் டெட் சிரித்துக்கொண்டே இருக்கிறார், எல்லோரிடமும் அன்பாக இருக்கிறார், ஏன் இப்படி என்று நமக்குத் தெரியாது. லிவர்பூலுக்குப் போகும் எபிசோடில் கரோக்கி நடக்கும் இடத்தில் திடீரென்று அவருக்கு மூச்சு முட்டுகிறது, வெளியே ஓடிவந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பீதித் தாக்கம். அதை அவ்வளவு நேர்மையாகக் காட்டியிருக்கிறார்கள், அனுபவித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். இரண்டாம் சீசனில் டாக்டர் ஷாரன் என்ற உளவியலாளர் கிளப்புக்கு வருகிறார், டெட் அவரிடம் பேச மறுத்துக்கொண்டே இருக்கிறார். 8ஆம் எபிசோடில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியிடம் படுதோல்வி. ஜேமி என்ற ஆட்டக்காரனின் அப்பா குடித்துவிட்டு உடை மாற்றும் அறைக்குள் வந்து எல்லோர் முன்னாலும் மகனைக் கேவலமாகப் பேசுகிறான், ஜேமி ஒரு கட்டத்தில் அடித்துவிடுகிறான், அப்பாவை வெளியே தள்ளுகிறார்கள், யாரும் அசையவில்லை. ஜேமியைக் கண்டாலே ஆகாத ராய் நடந்துபோய் அவனைக் கட்டிப்பிடிக்கிறார். அந்த அறையிலிருந்து வெளியேறிய டெட் ஷாரனுக்குப் போன் செய்து, தன் 16 வயதில் அப்பா தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்கிறார். பிறகு இரண்டு எபிசோடு தள்ளி, ரெபெக்காவின் அப்பாவுடைய இறுதிச் சடங்கு நாளில், அந்த நாளைப் பற்றி விரிவாகவே பேசுகிறார்.

இந்தக் காட்சிகளில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் எழுதியிருந்தாலும், சட்டை கழற்றுவதுகூட இல்லாமல் எடுத்திருந்தாலும், ஒரு 10 வயதுப் பிள்ளையை இதன் முன் உட்கார வைக்க மாட்டேன். அதேபோல வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தால், உறவிலோ வகுப்பிலோ நடந்திருந்தால், 17 வயதுப் பிள்ளையையும் முன்னறிவிப்பு இல்லாமல் உட்கார வைக்க மாட்டேன். 14 வயதில் இதைக் கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம், பக்கத்தில் யாராவது இருந்தால். எங்கள் அறைக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு ஒரு பெரியவர், அதுவும் சிரித்துப் பேசுகிற பெரியவர், உள்ளே இப்படி நொறுங்கியிருக்கலாம் என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

2023 மார்ச்சில் இந்த நடிகர்கள் மனநலத்தைப் பற்றிப் பேச வெள்ளை மாளிகைக்கே போனார்கள். அதனால் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பார்த்த பிறகு பிள்ளை அமைதியாகிவிட்டால் அதைக் கவனியுங்கள். தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? இவ்வளவு கனமான விஷயம் உள்ளே இருக்கிறது என்றால் 17 என்று போட்டது நியாயம்தான்.

கேட்கும்_செவி எழுதியது:

17 என்று போட்டது இதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை சார். பீதித் தாக்கத்துக்கும் அப்பாவின் தற்கொலைக்கும் எல், எஸ், வி என்ற எழுத்துகளில் எது பொருந்தும்? ஐஎம்டிபி தளத்தில் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் ஐந்து தலைப்பு: பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது புகை, கடைசியாக அச்சமூட்டும் காட்சிகள். அந்தக் கடைசித் தலைப்பில் ஏதாவது இருந்தால் உண்டு, பெரும்பாலோர் முதல் மூன்றைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் சொல்வது, வார்த்தையை எண்ணி முடிவு செய்தால் தவறான எபிசோடுக்குப் பயந்து, பயப்பட வேண்டியதில் கவனமில்லாமல் இருந்துவிடுவோம். அடுத்த சீசனில் ராய் வாயைக் கழுவிக்கொண்டு வந்து, தொடருக்கு 13+ கொடுத்தார்கள் என்று வையுங்கள், அப்போது நீங்கள் கவலையில்லாமல் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவீர்கள் இல்லையா? அதுதான் என் பயம்.

கடைசி_பெஞ்சு எழுதியது:

எனக்கு 19 வயது. 15 வயதில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

பாலாற்றங்கரை அங்கிள், ராய் பேசும் வார்த்தை எல்லாம் எங்களுக்கு வகுப்பிலேயே பழக்கம், அதை அந்தத் தொடர் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அதில் தைத்தது நேட். ஆட்டக்காரர்களின் சட்டையை மடித்து வைக்கிற வேலையில் இருப்பவன், எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள், டெட் மட்டும் பெயர் கேட்பார். படிப்படியாகப் பயிற்சியாளர் ஆகிறான். வீட்டில் அவனுடைய அப்பா ஒரு தடவைகூட நன்றாகச் செய்தாய் என்று சொல்ல மாட்டார், செய்தித்தாளில் படம் வந்தாலும் அடக்கம் வேண்டும் என்பார். பிறகு அதிகாரம் வந்ததும் தனக்குக் கீழே இருக்கிற பையனை நேட் அதே மாதிரி மிதிக்கிறான், கடைசியில் டெட்டுக்கே துரோகம் செய்கிறான். அப்பாவும் நானும் அந்த எபிசோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, நான் உன்னிடம் இப்படியா நடந்துகொள்கிறேன் என்று கேட்டார். கொஞ்சம் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மார்க் வந்தால் மீதி மார்க் எங்கே என்று கேட்கிற வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் நேட் யார் என்று புரியும்.

சங்கடமான காட்சி வந்தபோது என்ன செய்தோம் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அப்பா திரையைப் பார்த்தார், நானும் திரையைப் பார்த்தேன், முடிந்தது. அவசரமாக ஓட்டிவிடும்போதுதான் அது பெரிய விஷயமாகிறது.

மஞ்சள்_வெயில் எழுதியது:

தம்பி, உன் பதிலை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நன்றி.

கேட்கும்_செவி மேடம், நீங்கள் சொன்னது இல்லாவிட்டால் நான் வெம்ப்ளி எபிசோடை எந்த யோசனையும் இல்லாமல் போட்டிருப்பேன். எங்கள் உறவில் அப்படி ஒரு இழப்பு உண்டு, மாமியாருக்கு மிக நெருங்கியவர். மகளுக்கு விவரம் தெரியாது. அதனால் மாமியார் ஹாலில் இருக்கும்போது இரண்டாம் சீசன் கண்டிப்பாகக் கிடையாது, இதை இங்கே கேட்டதே நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் சீசன் எப்படி? அதில் பாலியல் விஷயம் கூடுதல் என்று ஒருவர் சொன்னார்.

இடதுகால்_ஆட்டக்காரன் எழுதியது:

கூடுதல்தான். ஆம்ஸ்டர்டாம் எபிசோடு ஒன்று இருக்கிறது, அங்கே போனால் எதைப் பார்ப்பார்களோ அதைப் பற்றிய பேச்சு நிறைய. முதலில் ஜேமிக்கும் பிறகு ராய்க்கும் காதலியாக இருந்த கீலிக்கு ஒரு பெண்ணோடு உறவு வருகிறது. கோலின் என்ற ஆட்டக்காரர் தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை அணியிடம் மறைத்து வாழ்கிறார், அது வெளியே வரும் விதம் மிக அழகாக இருக்கும். இதையெல்லாம் பிரச்சினை என்று நான் எண்ணவில்லை, ஆனால் வீட்டில் பேசாத விஷயமாக இருந்தால் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எபிசோடின் நீளமும் கூடிவிட்டது, முதல் சீசனில் அரை மணி நேரம், மூன்றாவதில் சில ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பள்ளி நாளில் இரவு போட வேண்டாம்.

தோழி, மகள் இருக்கிற அம்மாவாக நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த சீசனின் 8ஆம் எபிசோடு. கீலி ஒரு காலத்தில் ஜேமிக்கு மட்டும் அனுப்பிய அந்தரங்க வீடியோ இணையத்தில் கசிந்துவிடுகிறது. அவளைச் சுற்றி இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் எபிசோடு. காதலி அவளை மன்னிப்பு அறிக்கை வெளியிடச் சொல்கிறாள், குற்றம் செய்தவள் அவள்தான் என்பதுபோல. உடை மாற்றும் அறையில் கேப்டன் ஐசக் எல்லா ஆட்டக்காரர்களையும் கைப்பேசியை எடுத்து, தங்களிடம் இருக்கிற பழைய காதலிகளின் படங்களை அழிக்கச் சொல்கிறார். ராய்கூட அந்த வீடியோ யாருக்கு அனுப்பியது என்று கேட்டுவிடுகிறார், கேட்ட உடனே கீலியின் முகம் மாறும். தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்று ஜேமி வந்து மன்னிப்புக் கேட்கிறான். வீடியோவில் என்ன இருக்கிறது என்று தொடர் நமக்குக் காட்டவே காட்டாது.

14 வயதில் கைப்பேசி இருக்கிற எந்தப் பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, இதைப் பார்க்க 17 வயது வரை காத்திருக்கச் சொன்னால் அதற்குள் தேவை முடிந்துவிடும்.

பாலாற்றங்கரை எழுதியது:

இந்த எபிசோடைப் பற்றி மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். மனைவியும் இதையேதான் சொன்னாள்.

ஆனால் எல்லோரும் புகழ்கிற தொடரில் ஒருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இரண்டாம் சீசனில் ரெபெக்காவும் சாமும். சாம் நைஜீரியாவிலிருந்து வந்த 21 வயதுப் பையன், ரெபெக்கா அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற கிளப்பின் முதலாளி, வயதில் இரண்டு மடங்குக்கும் மேல். முகம் தெரியாமல் டேட்டிங் செயலியில் பேசிப் பழகினார்கள் என்று கதை சொல்கிறது, சரி, ஆனால் தெரிந்த பிறகும் தொடர்கிறது. இதையே ரூப்பர்ட் ஒரு 21 வயதுப் பெண் ஊழியரிடம் செய்திருந்தால் தொடர் அவனைக் காறித் துப்பியிருக்கும். மென்மையான இசையைப் போட்டு, சாம் நல்ல பிள்ளை, ரெபெக்கா தனிமையில் வாடுகிறவர் என்று காட்டிவிட்டால் அதில் இருக்கிற அதிகாரம் காணாமல் போய்விடுமா? என் மகள் நாளைக்கு வேலைக்குப் போவாள். இதைக் காதல் என்று அவள் மனதில் பதிய நான் விரும்பவில்லை. கெட்ட வார்த்தையைவிட இது எனக்குப் பெரிது.

கேட்கும்_செவி எழுதியது:

மிக நியாயமான கேள்வி, இந்த இழையில் வந்ததிலேயே இதுதான் கூர்மையானது என்பேன். தொடர் அந்த இடத்தில் தன் பாத்திரங்கள் மேல் உள்ள பாசத்தில் சறுக்கிவிட்டது என்பதே என் எண்ணமும். நீங்கள் இப்போது எழுதியதை அப்படியே உங்கள் மகளிடம் சொல்லுங்கள் சார், "இதையே ரூப்பர்ட் செய்திருந்தால்?" என்று கேளுங்கள். வேறு எந்தத் தொடரை வைத்து இந்தப் பேச்சை ஆரம்பிப்பீர்கள்?

ஹாரோ_வாசி எழுதியது:

சாமைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அதே சாம்தான், அணியின் விளம்பரதாரரான விமான நிறுவனத்தின் தாய் நிறுவனம் தன் நாட்டில் எண்ணெய்க் கழிவால் நிலத்தை நாசமாக்கியது என்று அப்பா மூலம் தெரிந்ததும், சட்டையில் இருக்கும் பெயர்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு ஆடுகிறான். முதலில் நைஜீரிய ஆட்டக்காரர்கள் ஒட்டுகிறார்கள், பிறகு முழு அணியும், அவனோடு ஆகாத ஜேமியும்கூட. அகதிகளாக வந்த குடும்பம் எங்களுடையது, எங்கள் வீட்டில் அந்த எபிசோடுக்குப் பிறகு பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நள்ளிரவு வரை பதில் சொன்னோம். மூன்றாம் சீசனில் அவனுடைய உணவகத்தை இரவில் உடைத்து நாசமாக்குவார்கள், அவன் குடியேறிகளுக்கு ஆதரவாக ஒரு அரசியல்வாதியை எதிர்த்துப் பேசியதற்காக. அப்போது அவன் அப்பா நைஜீரியாவிலிருந்து வந்து இறங்குவார். இதை என் பிள்ளைகள் 13 வயதில் பார்த்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

மஞ்சள்_வெயில் எழுதியது:

சரி, நானும் கணவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நாங்கள் இருவரும் முதலில் பார்ப்போம், அந்த வாரத்துக்கான எபிசோடை முன்னாலேயே. வெள்ளிக்கிழமை இரவு மாமியார் தூங்கிய பிறகு மகளோடு. மகன் அவனுடைய கஸினோடு வேறு ஏதாவது பார்ப்பான். முதல் சீசன் முழுக்கப் போகலாம் என்று இருக்கிறோம். டெட்டின் மனைவியும் மகனும் லண்டனுக்கு வந்து, இருவரும் பிரிவது என்று முடிவாகும் எபிசோடைப் பார்த்துவிட்டேன், யாரையும் கெட்டவராக்காமல் ஒரு விவாகரத்தை இப்படி எழுத முடியுமா என்று வியப்பாக இருந்தது, மகளுடைய நெருங்கிய தோழியின் வீட்டில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு உதவும்.

இரண்டாம் சீசன் தொடங்கும் முன் உறவில் நடந்த அந்த இழப்பைப் பற்றி மகளிடம் நாங்களே சொல்லிவிடப் போகிறோம். திரையிலிருந்து அவள் கண்டுபிடிக்கக் கூடாது. கணவர் அதற்கு இன்னும் முழு மனதாகத் தயாராகவில்லை, ஆகும் வரை இரண்டாம் சீசன் காத்திருக்கும். மூன்றாவதை அப்புறம் பார்க்கலாம்.

பூட்டுப் போடுவதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? மகன் கையில் ஐபேட் இருக்கிறது.

இடதுகால்_ஆட்டக்காரன் எழுதியது:

ஐபேடில் செட்டிங்ஸ் போய் ஸ்க்ரீன் டைம், அதில் உள்ளடக்கக் கட்டுப்பாடு, டிவி நிகழ்ச்சிகளுக்கு எந்த வயது வரை என்று தேர்ந்தெடுத்துத் தனி பாஸ்கோடு போட்டுவிடுங்கள். பையனுக்குத் தெரிந்த பாஸ்கோடு வேண்டாம், போனைத் திறக்கிற எண்ணே அதற்கும் என்றால் ஒரு நாள்கூடத் தாங்காது. முத்திரையை வைத்துப் பூட்டுவதால் தொடர் முழுவதும் பூட்டப்படும், இந்த எபிசோடு ஆகலாம் அந்த எபிசோடு ஆகாது என்று அதற்குத் தெரியாது.

நான்காவது சீசன் வருகிறது என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், அதில் டெட் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், கால்பந்து ஆடுகிற பெண் என்றால் அதற்காகவே மற்ற மூன்றையும் பொறுமையாகப் பார்ப்பாள்.

பாலாற்றங்கரை எழுதியது:

என் வீட்டில் 17 என்பது 17தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கூட உட்காருவது என்று முடிவெடுத்தது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பலர் இரண்டையும் செய்வதில்லை.

கடைசி_பெஞ்சு எழுதியது:

அக்கா, தம்பியை முழுக்க ஒதுக்கிவிட்டால் பாவம், கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்பான். இரண்டாம் சீசன் 4ஆம் எபிசோடு கிறிஸ்துமஸ் கதை, தனியாகப் பார்த்தாலும் புரியும். ஊருக்குப் போக முடியாத ஆட்டக்காரர்கள் எல்லோரும் கிளப் நிர்வாகி ஹிக்கின்ஸ் வீட்டில் கூடுவார்கள், ராயும் கீலியும் ஃபீபிக்கு ஏன் வாய் நாறுகிறது என்று கண்டுபிடிக்க வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பல் டாக்டர் தேடுவார்கள். ராய் அதிலும் ராய்தான், அதனால் நீங்கள் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டெட் தனியாகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று உண்டு, ஏன் சோகமாக இருக்கிறார் என்று தம்பி கேட்பான், மகன் வேறு ஊரில் இருக்கிறான் என்று சொன்னால் போதும்.